பாம்புகளுக்குச் சாப்பாடு கொடுத்த வருஷம்

என் கணவருக்கு "இல்லை" என்ற சொல் வாயில் வராது. வீட்டில் என்னிடம் தாராளமாக வரும். அலுவலகத்தில் மேலே உள்ளவர் கேட்டால் மட்டும் வராது. அவருடைய வெள்ளைக்கார மனேஜர் ஒப்பந்தம் முடிந்து குவைத்தை விட்டுப் போனபோது வீட்டுச் சாமான்களை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒருவருக்குச் சோபா கிடைத்தது, ஒருவருக்குக் காப்பி மெஷின். என் கணவருக்குக் கிடைத்தவை இரண்டு மலைப்பாம்புகள். "கொஞ்ச நாளைக்குத்தான், ஆரோ வந்து எடுக்கினமாம்" என்று வாசலில் நின்று சொன்னார். காலடியில் இரண்டு கண்ணாடித் தொட்டிகள் இருந்தன. ஒருவரும் வந்து எடுக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அந்த மனேஜரும் அவற்றைக் குட்டியில் வாங்கியவர் அல்ல. நாட்டை விட்டுப் போன வேறொருவரிடமிருந்து வளர்ந்த பாம்புகளாகவே எடுத்தவர். இந்த ஊரில் கட்டில், அலுமாரி கைமாறுவது போலப் பாம்பும் கைமாறுகிறது. பயந்தால் பந்து போலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் சாதி. விஷம் இல்லை, கடிப்பதும் அருமை என்றார்கள். பெண் என் முழங்கையளவு தடிப்பு, நாலு அடிக்கு மேல் நீளம். ஆண் அதில் பாதித் தடிப்புக்கூட இல்லாத சோணங்கி. இரண்டும் அசையாமல் கிடந்து, நாக்கை மட்டும் வெளியே நீட்டி நீட்டி எங்கள் அறையின் காற்றை நக்கிப் பார்த்தன.

அறை என்றுதான் சொல்ல வேண்டும். அப்பாசியாவில் இரண்டு அறை ஃபிளாட்டில் ஒன்று எங்களுக்கு, மற்றது நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருத்திக்கும் அவள் கணவருக்கும். குசினி பொது. எங்கள் அறையில் கட்டில், அலுமாரி, மேசை போக மிச்சம் இருந்த இடத்தில் ஒரு ஆள் நேராக நடக்கலாம். தொட்டிகள் வந்த பிறகு அந்த ஆளும் கட்டிலில் ஏறி இறங்கித்தான் கதவுக்குப் போக வேண்டியிருந்தது.

மறுநாளே தூக்கி எறியச் சொல்லியிருப்பேன். சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. எங்களுக்குக் கலியாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை கருவை வைத்துப் பார்த்தார்கள், இரண்டும் நிற்கவில்லை. மூன்றாவது தடவை பார்ப்பது, அதுவும் நிற்காவிட்டால் அத்தோடு விடுவது என்று நாங்கள் இருவரும் பேசி முடிவெடுத்திருந்தோம். என் சாதகத்தில் நாகதோஷம் இருக்கிறது என்று யாழ்ப்பாணத்தில் மாமி யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். அப்படிப்பட்ட வீட்டுக்குள் பாம்பு தானாக வந்து சேர்ந்திருக்கிறது என்று மகன் போனில் சொன்னதும் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, வீடு தேடி வந்ததைத் துரத்தாதை. உன்ரை வீட்டிலை அது பட்டினி கிடந்து செத்துதெண்டா, பிறகு ஆராலையும் ஒண்டும் செய்யேலாது."

இது நாகம் இல்லை மாமி, ஆபிரிக்காவில் இருந்து வந்தது, இதற்கு எங்கள் சாதகமெல்லாம் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுதான் என்றார். நான் படித்தவள், கார்கோ கம்பனி ஒன்றில் ஆறு பேருக்கு மேலதிகாரியாக வேலை பார்க்கிறவள். ஆனால் இரண்டு தடவை தோற்ற ஆளுக்கு எதையும் நம்பாமல் இருக்கும் தைரியம் வராது. அதனால் பாம்புகள் இருந்தன, நான் சாப்பாடு கொடுத்தேன்.

முதலில் பால். அது மாமியின் கட்டளை. வெள்ளிக்கிழமை காலையில் தலை முழுகிவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு, இரண்டு தொட்டியிலும் பால் வைத்தேன். அவை அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெண் பாம்பு கிண்ணத்துக்குள் உடம்பை இறக்கிப் பாலில் ஊறிவிட்டு, அப்படியே தொட்டி முழுவதும் ஊர்ந்தது. கீழே சூடாக்கும் தகடு வேறு. பின்னேரம் நான் மூடியைத் திறந்தபோது வந்த மணத்தை எழுத எனக்கு விருப்பமில்லை. புளித்த பாலும் பாம்பும் சேர்ந்து சூடேறினால் என்ன வருமோ அது. இரண்டு வெள்ளிக்கிழமைகளோடு அந்தப் பக்தியை நிறுத்திவிட்டேன். மாமியிடம் தொடர்ந்து வைப்பதாகத்தான் சொல்லிவந்தேன்.

மனேஜர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். பெரியதற்கு மூன்று வாரத்துக்கு ஒரு எலி, சின்னதற்கு இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன எலி. உயிரோடு கொடுக்க வேண்டாம், உறைந்த எலி செல்லப்பிராணிக் கடையில் பைக்கட்டாக விற்கிறது. சுடுதண்ணீரில் இளக்கி, தலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் சூடாக்கி, இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்ட வேண்டும். என் கணவர் கடைக்குப் போய் எலிகளை வாங்கிவந்தார். அதோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டார். பாம்புத் தொட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவர் கட்டிலில் ஏறி நின்றுகொள்வார், மேலே நின்று எனக்கு அறிவுரை சொல்வார்.

எலிகளை எங்கே வைப்பது? எங்களுக்கு இருந்தது ஒரே பிரிட்ஜ். மேல் தட்டில் உறைந்த எலி, பக்கத்தில் துருவின தேங்காய், பாரை மீன். கீழே கதவுத் தட்டில் என்னுடைய சிகிச்சை ஊசி மருந்து. வெள்ளை எலிகள், கண் மூடி, வால் நேராக, ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன. சம்பலுக்குத் தேங்காய் எடுக்கப் போகும்போது ஒரு வால் கையில் படும். அன்றைக்குச் சம்பல் இல்லை. வெள்ளிக்கிழமை மீன், மச்சம் தொடாத வீடு எங்களுடையது. அதே வெள்ளிக்கிழமை மேல் தட்டில் முப்பது எலி மல்லாந்து கிடக்கும். நான் நல்லெண்ணெய் விளக்கை ஏற்றிவிட்டுப் பிரிட்ஜைப் பார்க்காமல் நடப்பேன்.

நர்ஸ்தான் ஒவ்வொரு பின்னேரமும் டியூட்டி முடிந்து வந்து எனக்கு ஊசி போட்டுவிடுபவள். ஒருநாள் மருந்தை எடுக்க என் பிரிட்ஜைத் திறந்தவள், மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, கரண்டு போயி அது உருகி, இந்த மருந்து மேல சொட்டுச்சின்னா நான் பொறுப்பில்ல. ஒரு மூடி போட்ட டப்பாவாச்சும் வாங்குங்க."

டப்பா வாங்குவது எதற்கு, ஐஸ்கிரீம் டப்பா எந்த வீட்டில் இல்லை? பெரியதாக ஒன்றில் எலிகளைப் போட்டு மூடிவிட்டேன். அடுத்த கிழமை நர்ஸின் கணவர், பிரிட்ஜ் மாறித் திறந்தாரோ, ஆசையில் திறந்தாரோ, அந்த டப்பாவைத் திறந்துவிட்டார். மனிதர் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் "எலி" என்று எழுதி ஒட்டினேன். தேங்காய்க்குப் பக்கத்தில் அப்படி ஒரு எழுத்தை ஒட்டி வைத்திருந்த தமிழ்க் குடும்பம் அப்பாசியாவில் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

சாப்பாடு கொடுக்கும் நாள் சனிக்கிழமை. பழைய சட்டி ஒன்றில் கொதிதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து எலியைப் போடுவேன். அரை மணி நேரத்தில் அது மெத்தென்று ஆகிவிடும், மயிர் உடம்போடு ஒட்டிவிடும், தண்ணீர் மங்கிவிடும். நனைந்து காயாத தரைத் துணியின் மணம் அறை முழுவதும் வரும். பிறகு ஹெயர் டிரையர். என் சொந்த ஹெயர் டிரையர்; ஒரு கலியாணத்துக்குப் போக ஆசையாக வாங்கினது. அதை எலியின் தலைக்குப் பிடித்துக் காயவைக்கும்போது அதன் காது இரண்டும் காற்றில் ஆடும். இந்த ஒன்பது வருஷத்தில் என்னைப் பெரிய பதவியில் வைத்துப் பார்த்தவர்கள் பலர். ஒருவரும் என்னை இந்த வேலையில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெண் பாம்பு உடனே எடுக்கும். கழுத்தை வளைத்து ஒரு வெட்டு, மூன்று சுற்று, ஏற்கெனவே செத்த எலியை இன்னொரு தடவை கொல்லும். அதன் பின் தலையிலிருந்து விழுங்கத் தொடங்கும். தாடை ஒரு பக்கம், பின் மறு பக்கம் என்று நடந்து நடந்து போகும். கடைசியில் வால் மட்டும் வாயோரம் நூடில்ஸ் போலத் தொங்கும். அதையும் இழுத்துக்கொண்டு ஒரு கொட்டாவி விடும். என் கணவர் கட்டிலில் நின்று கைதட்டுவார்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. வீட்டில் இருக்கும் ஒன்று வயிறு காலியாகக் கிடக்கிறது என்றால் தாங்க மாட்டோம். மூன்று வாரத்துக்கு ஒரு எலி என்பது என் கணவருக்குக் கொடுமையாகத் தெரிந்தது. வெள்ளைக்காரர் கஞ்சத்தனமாக எழுதியிருக்கிறார் என்றார். நாங்கள் கிழமைக்கு ஒன்று கொடுத்தோம். பெண் பாம்பு கொடுத்ததையெல்லாம் எடுத்தது. மாவு நிறுக்கும் தராசில் பிளாஸ்டிக் பேசின் ஒன்றை வைத்து, அதற்குள் அதைச் சுருட்டி நிறுத்தோம். வந்தபோது ஒன்றரைக் கிலோ, மூன்று மாதத்தில் இரண்டு கிலோவைத் தொட்டுவிட்டது. கணவர் தராசின் முள்ளைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினார். பாம்பு செழிக்கிறது, குடும்பமும் செழிக்கும் என்று மாமி பதில் அனுப்பினார். அந்தத் தராசில் நான் பிறகு மாவு நிறுக்கவில்லை.

தின்றதெல்லாம் வெளியே வரவும் வேண்டுமே. சில வாரங்களுக்கு ஒருநாள் எல்லாம் மொத்தமாக வரும். கறுப்பாக நீளமாக, எலி மயிரோடு, பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டி போல மஞ்சள் வெள்ளையில் ஒரு உருண்டை. ஏசி பூட்டிய அறை, ஜன்னல் திறந்தால் புழுதி. இரண்டு கையுறை போட்டு, மூக்கில் துணி கட்டி அள்ளுவேன். டாக்டர் என்னிடம், வீட்டில் செல்லப்பிராணி ஏதும் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். இல்லை என்று சொல்லியிருந்தேன்.

இடம் போதாமல் நான்தான் அந்தத் தீர்மானத்தை எடுத்தேன், பழியை வேறு யாரிலும் போட முடியாது. குளிர்காலத் தொடக்கத்தில், இரண்டையும் பெரிய தொட்டியில் சேர்த்து விடுவோம், சின்னத் தொட்டியைக் கொடுத்துவிட்டு நான் நடக்க வழி வேண்டும் என்றேன். சண்டை பிடிக்காதா என்று அவர் கேட்டார். சண்டை பிடிக்கவில்லை. ஒன்றுக்கு மேல் ஒன்று கிடந்தன. பாவம், துணையாக இருக்கின்றன என்று அவர் மகிழ்ந்துபோனார். எனக்கு அறையில் கட்டிலைச் சுற்றி நடக்க இடம் கிடைத்தது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

குளிர் குறையத் தொடங்கியபோது பெண் பாம்பு சாப்பிடுவதை நிறுத்தியது. இளக்கி, சூடாக்கி, ஆட்டி, அரை மணி நேரம் கை வலிக்கப் பிடிப்பேன். அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒருமுறை இளகின எலியைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. பழைய பேப்பரில் சுற்றி, மூன்று பையில் கட்டி, தெருக் குப்பைத் தொட்டிக்கு நானே கொண்டுபோவேன். ஒன்பது எலி அப்படிப் போயின. மாமி தினமும் கேட்டார், சாப்பிட்டதா என்று. என்னை அல்ல, பாம்பை. எனக்கு அப்போது ஊசியின் விளைவால் சோற்று மணமே பிடிக்காமல் இருந்தது. இரண்டு மாதம் வயிறு காலியாகக் கிடந்த பாம்பு மெலியவில்லை, நடுவயிறு மட்டும் பெருத்தது. எங்களில் ஒருவருக்கும் ஏன் என்று தோன்றவில்லை. பிள்ளை பெறுவதைப் பற்றி இரவும் பகலும் யோசித்துக்கொண்டிருந்த வீட்டில் இது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

எனக்குக் கரு வைத்து ஐந்தாவது நாள். லீவில் அறையில் படுத்திருந்தேன். தொட்டிக்குள் பெண் பாம்பு கூடு போலச் சுற்றிக் கிடந்தது, சுற்றுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எழும்பிப் போய்ப் பார்த்தேன். ஆறு முட்டை. கோழிமுட்டையை விடப் பெரியவை, ஓடு இல்லாமல் ஈரத்தோல் மூடினவை, ஒன்றோடு ஒன்று ஒட்டினவை. அது தலையை அவற்றின் மேல் வைத்திருந்தது; ஆண் எதிர் மூலையில் ஒதுங்கிக் கிடந்தது.

நல்ல மனசோடு பார்த்தேன் என்று எழுதினால் பொய். எனக்கு வயிறு எரிந்தது. பார்க்க அரியண்டமாகவும் அருவருப்பாகவும் இருந்தது. ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை, ஒருவரும் தேதி குறிக்கவில்லை. இடம் போதாமல் ஒரு தொட்டியில் தள்ளிவிட்டதற்கே ஆறு.

கணவர் துள்ளிக் குதித்தார். மாமி போனில் அழுதார்.

"பிள்ளை, இந்த முறை நிக்கும். அதுவே சொல்லிப்போட்டுது."

மனேஜருக்கும் எழுதினார் இவர். அவருடைய பதில் சுருக்கமாக வந்தது. குஞ்சுகள் வேண்டாமென்றால் முட்டைகளை உடனே எடுத்து உறைய வைத்துவிடுங்கள். தொட்டியையும் பாம்பையும் நன்றாகக் கழுவுங்கள். முட்டையின் மணம் உடம்பில் இருக்கும்வரை அது காத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கும், மணம் போனால் மறந்துவிடும், சாப்பிடும். என் கணவர் இதை எனக்கு வாசித்துவிட்டு, தன்னால் முடியாது, ரிசல்ட் வரும்வரை ஒருவரும் அதில் கை வைக்கக் கூடாது என்றார். வாழ்க்கையில் முதன்முறையாக மனேஜருக்கு "இல்லை" என்றார்.

நானும் மறுக்கவில்லை. இதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது. ரிசல்டுக்குக் காத்திருந்த அந்த ஒன்பது நாளும் காலையில் கண் விழித்ததும் முதலில் தொட்டியைத்தான் பார்த்தேன். முட்டைகள் இருக்கின்றனவா, அது சுற்றிக் கிடக்கிறதா என்று பார்த்தேன். அது அசையாமல் கிடந்தால் எனக்கு நிம்மதி. காய்ந்துவிடும் என்று பயந்து தொட்டிக்குள் தண்ணீர் தெளித்தேன். ஒரு அருவருப்பான பிராணியின் வயிற்றுக்குக் கீழே என் பிள்ளையைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

ஒன்பதாவது நாள் இரத்தப் பரிசோதனை. பின்னேரம் ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டு, மிகவும் மென்மையான குரலில், இல்லை என்றாள்.

நான் அழவில்லை. கணவர் இன்னும் வேலையால் வரவில்லை. கையுறைகூடப் போடாமல் தொட்டியைத் திறந்தேன். சுற்றைக் கையால் பிரித்தேன். இரண்டு கிலோ பாம்பு, சதை இறுக்கி எதிர்த்தது, ஆனால் கடிக்கவில்லை. ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து முட்டைகளை எடுத்தேன். நர்ஸ் கதவடியில் நின்று பார்த்தாள். தன் போனின் டார்ச்சை ஒரு முட்டைக்குக் கீழே பிடித்தாள். உள்ளே சிவப்பு நூல்கள் ஓடின. அடுத்ததிலும் ஓடின. ஆறில் நாலில் ஓடின.

"அக்கா, உயிர் இருக்கு" என்றாள்.

இருக்கட்டும் என்றேன். ஆறையும் ஒரு பையில் போட்டு, பிரிட்ஜின் மேல் தட்டில் எலிகளோடு வைத்துக் கதவை மூடினேன். கோபத்தில்தான் செய்தேன், வேறு காரணம் எதுவும் நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. கணவர் வந்ததும் அவருடைய அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதையும் நானே சொல்லிக் கொடுத்தேன்.

"எல்லாம் கூழ்முட்டை எண்டு சொல்லுங்கோ. இஞ்சை இருந்த எல்லாம் கூழ்முட்டை."

மறுநாள் பாம்பைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டுபோய், வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் பிடித்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். அடிவயிற்றுத் தோல் தளர்ந்து, மடிப்பு மடிப்பாகக் கையில் வந்தது. அதன் மணம் அழுகலும் இல்லை, பால் மணமும் இல்லை; இன்றைக்கும் சில நேரம் கைவிரலில் அந்த மணம் வருவது போல இருக்கும். தொட்டியை மூன்று தடவை கழுவினேன். அன்று பின்னேரம் அது முட்டையில்லாத தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஊர்ந்து, தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் படுத்தேன்.

மூன்று வாரம் போனது. மாமி போன் எடுப்பதைக் குறைத்தார். என் கணவர் என்னோடு மிகவும் கவனமாகப் பேசினார், உடைந்த பாத்திரத்தைத் தூக்குவது போல. ஒரு சனிக்கிழமை, பாம்பு மெலிந்துவிட்டது, கொடுத்துப் பார்ப்போமா என்று கேட்டார். எலியை இளக்கினேன், காயவைத்தேன், இடுக்கியில் பிடித்தேன். நீட்டி முடிக்க முன்னரே பறித்துக்கொண்டது. அப்படி ஒரு வேகத்தை நான் அதில் அதுவரை கண்டதில்லை. விழுங்கி முடித்து, இன்னும் வேண்டும் என்பது போலத் தலையைத் தூக்கிப் பார்த்தது. இன்னொன்று கொடுத்தோம், அதையும் எடுத்தது.

"பாத்தீரே, மறந்திட்டுது" என்றார் அவர். கட்டிலில் ஏறி நிற்கவும் இல்லை, தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். முகத்தில் சந்தோஷம்.

இடுக்கியைப் போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடினேன். அந்த வருஷம் முழுவதும் எவ்வளவோ அள்ளியிருக்கிறேன், கழுவியிருக்கிறேன், ஒருநாளும் சத்தி எடுத்ததில்லை. அன்றைக்குத்தான் எடுத்தேன். குடல் வெளியே வருவது போல, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூன்று நான்கு தடவை எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கதவைத் திறந்தபோது அவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில் துவாய். அவர் முகத்தில் அந்த நம்பிக்கை வந்துவிட்டது. ஒன்பது வருஷமாக எனக்குத் தெரிந்த முகம் அது, மறைக்க அவருக்குத் தெரியாது.

"எலி மணம்" என்றேன். "வேறை ஒண்டுமில்லை."